ஐந்தாவது கை

அந்தத் தையல்கூடத்தில் தொட்டதற்கெல்லாம் ஓட்டுதான். மதியம் ரேடியோ வைப்பதா வேண்டாமா, கழிப்பறையை யார் கழுவுவது, எதுவானாலும் ஒன்பது பெண்களும் கண்ணை மூடிக்கொண்டு கை தூக்குவார்கள். கட்டிங் மாஸ்டர் எண்ணிச் சொல்வார். யார் தூக்கியது என்று தெரியாததால் மனஸ்தாபம் கிடையாது. முடிந்ததை ஆறு மாதத்துக்கு யாரும் கிளறவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொன்ன முதலாளி, ஒன்பது கைகளைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனது இந்த முறையால்தான். சட்டைகளுக்குப் பட்டன் தைப்பதால் பட்டன்காரி என்று பேர் வாங்கியவளுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

இப்போது ஜன்னல் விவகாரம். வெளியே சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். திறந்தால் வெள்ளைச் சட்டைகளில் புழுதி. அழுக்கானதை அவரவரே துவைத்துக் காயவைத்துத் தர வேண்டும். சாத்தினால், ஜன்னலோரம் இஸ்திரி போடும் அக்காவுக்கு நீராவியில் மூச்சு முட்டியது.

பட்டன்காரிக்கு அக்கா என்றால் உயிர். ஆனால் முந்தின நாள் சட்டை துவைக்க நின்றுவிட்டு வீட்டுக்குப் போனபோது, பூட்டிக் கிடந்த கதவில் பிள்ளை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"சாத்தணும்ங்கறவங்க கை தூக்குங்க."

இத்தனை பேர் இருக்கிறார்கள், நம் ஒரு கையாலா குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டு அவளும் தூக்கினாள்.

"அஞ்சு. ஜன்னல சாத்துங்க," என்றார் மாஸ்டர்.

அக்கா அவள் பக்கத்தில் வந்து தண்ணீர் குடித்தாள். "விடுடி. எனக்காக மூணு பேர் இருந்தீங்களே, அது போதும்."

பட்டன்காரியைக் குற்றவுணர்ச்சி பிடுங்கித் தின்றது. "ஆமாக்கா," என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் அக்கா இஸ்திரி மேசையடியிலேயே மயங்கி விழுந்தாள். இனி நீராவிப் பக்கமே போகக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். வேலை போயிற்று.

பட்டன்காரி மாஸ்டரிடம் ஓடினாள். "ஜன்னலுக்கு மறுபடி ஓட்டு வைங்க மாஸ்டர். நான் மாத்திப் போடறேன்."

"ஆறு மாசம் ஆகட்டும்மா. நீங்க எல்லாரும் சேந்து வெச்ச முறைதானே? இப்ப இஸ்திரிக்கு ஆள் வேணும், அதப் பாப்போம்." கூடத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "பட்டன் வேலைய ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சுக்கலாம். பட்டன்காரி இஸ்திரிக்குப் போகட்டும். சரிங்கறவங்க?"

எல்லோரும் கண்ணை மூடினார்கள். முதல் தடவையாக அவள் மூடவில்லை. கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. தூக்கியவர்கள் முகத்தில் பகை ஏதும் இல்லை. நம் ஒரு கையாலா என்கிற நினைப்புதான் இருந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த நினைப்பு.

"அஞ்சு," என்றார் மாஸ்டர்.

அவள் போய் இஸ்திரிப்பெட்டியை எடுத்தாள். நீராவி முகத்தில் அடித்தது. ஜன்னல் கொக்கி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.