குழை நட்ட கை

பெண்களுக்கு மார்க்கம் சொல்லிக் கொடுக்கிறவள் நான். சனிக்கிழமைகளில் அஸர் தொழுகை முடிந்ததும் இருபது இருபத்தைந்து பேர் என் வீட்டு முன் அறையில் பாய் விரித்து இருப்பார்கள். நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது என்ற பாடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. தீமையைக் கண்டால் கையால் மாற்ற வேண்டும். முடியாவிட்டால் நாவால். அதற்கும் வழியில்லாவிட்டால் உள்ளத்தால் வெறுக்க வேண்டும், அது ஈமானின், இறைநம்பிக்கையின், ஆகப் பலவீனமான கடைசிப் படி. இதைச் சொல்லும்போது வலது கையைத் தூக்கிக் காட்டுவேன், பிறகு உதட்டைத் தொடுவேன், பிறகு நெஞ்சை. பெண்களும் கூடவே செய்வார்கள்.

ஊரில் என் நாவுக்குத் தப்பியவர்கள் குறைவு. யாருடைய மகள் முக்காடு இல்லாமல் சைக்கிள் ஓடினாள், யார் வீட்டில் தொழுகை நேரத்தில் நாடகச் சத்தம் கேட்டது என்று தேடித் தேடித் தடுத்தேன். அந்த மாதிரி இடங்களில் என் நாக்கு ஒருநாளும் தடுமாறியதில்லை.

தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம்கள் எல்லாரையும் முல்லைத்தீவை விட்டுப் போகச் சொன்னபோது எனக்கு எட்டு வயது. என் அண்ணன் உவைஸ் காக்காவுக்குப் பதினாறு. என் கால் கொப்பளித்துப் போனது என்று தன் தோளில் ஏற்றிக்கொண்டு அவர்தான் நடந்தார். இருபது வருடம் புத்தளத்தில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்தோம். என் கணவர் அங்கேயே மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். இந்த வீட்டைக் கட்டித் தந்தது காக்கா. மகள் நஸ்ஹாவுக்கு மாப்பிள்ளை பார்த்து, மாசியில் நிக்காஹ் என்று நாள் வைத்ததும் காக்கா. "ஜெஸீமா, நீ ஒண்டுக்கும் யோசியாத" என்பார். நானும் யோசிக்கவில்லை. அதுதான் பிழை.

காக்காவுக்கு இரண்டு டிப்பர் ஓடுகின்றன. மணல் ஏற்றுகிற தொழில். பெர்மிற் தந்தது ஆற்றின் மேல்பக்கத்துக்கு. தோண்டியது கீழ்ப்பக்கத்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னால், கடலோரக் களப்புக்குப் போகிற மண்பாதை ஓரமாக. மேல்பக்கத்தில் நல்ல மணல் முடிந்துவிட்டதாம். கார்த்திகைக் கடைசியில் நான் ஆட்டைத் தேடிப் போனபோது பார்த்தேன். கரையைத் தின்று தின்று வந்து, பாதையில் பாதியையும் தின்றிருந்தது மணல் தோண்டிய கிடங்கு. இரண்டு ஆள் ஆழம் இருக்கும்.

அந்தப் பாதையால் தினமும் போகிறவர் ஒருவர்தான். எங்கள் பக்கத்து வளவு இன்னாசித்தம்பி அண்ணை. விடிய, நான் சுபஹ் தொழுது பாயைச் சுருட்டுகிற நேரத்தில், வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் களப்புக்கு இறாலுக்குப் போவார். அந்தக் கிழமை காய்ச்சல் என்று வீட்டோடு கிடந்ததால், கிடங்கு பாதைக்கு ஏறியதை அவர் காணவில்லை. நாங்கள் திரும்பி வந்த வருடம் எங்கள் கிணறு தூர்ந்து கிடந்தது. ஒரு வருடம் முழுக்க அவர்களுடைய கிணற்றில்தான் அள்ளினோம். அவருடைய மனைவி புனிதமலர் அக்கா, நான் வாளியோடு வருவதைக் கண்டால் தானே துலாவைப் பிடித்து இழுத்துத் தருவாள். நான் படிப்பிக்கிறவள் என்பதால் இருவருக்கும் நான் 'ரீச்சர்'.

எங்கள் பக்கத்தில் வீதியில் பள்ளம் விழுந்தால், வாகனம் பழுதாகி நின்றால், இலைக் குழையோடு ஒரு கொப்பை முறித்து அந்த இடத்தில் நட்டுவிடுவார்கள். எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்கும் அது விளங்கும். நானும் என் வேலியில் ஒரு பூவரசங் கொப்பை முறித்துக்கொண்டு போய், நஸ்ஹாவின் பழைய சிவப்புச் சால்வையில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டி, கிடங்கின் விளிம்பில் ஊன்றினேன். அந்த நேரம் களப்பிலிருந்து வயல் வரம்பால் வந்துகொண்டிருந்த அவர்களுடைய மகன் யூட்சன் தூரத்திலிருந்து பார்த்துக் கை காட்டினான். வீட்டுக்கு வரும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. கையால் மாற்றிவிட்டேன் அல்லவா.

மறுநாள் மத்தியானம் காக்கா வந்தார். கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தார்.

"ஆர் அந்தக் குழையை நட்டது?"

"நான்தான் காக்கா. ஆக்கள் போற பாதையெல்லோ."

"நல்ல வேலை பாத்தாய். நாளைக்கு மேலிடத்து ஆக்கள் பெர்மிற் பாக்க வருகினம். பாதை முனையில நிண்டாலே தெரியும், இந்தா இருக்குக் கிடங்கு எண்டு. சிவப்புச் சீலையும் கட்டி விட்டிருக்கிறாய்."

"அப்ப மூடி விடுங்கோவன்."

"வெள்ளிக்கு முதல் மூடித் தாறன். நீ நட்டாய், நீயே எடு." எழும்பும்போது மெதுவாகச் சொன்னார். "பிள்ளையின்ர நிக்காஹை வைச்சுக்கொண்டு நான் பொலிசுக்கும் கோட்டுக்கும் அலையட்டோ?"

அவர் கத்தவில்லை, மிரட்டவில்லை. கத்தியிருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும், ஒருவேளை மாட்டேன் என்றிருப்பேன். என்னைத் தோளில் சுமந்த மனிசன் கெஞ்சுகிற மாதிரிக் கேட்டார். அன்று பின்னேரமே போய்ப் பிடுங்கினேன். சால்வைத் துண்டை அவிழ்த்துக் கைக்குள் மடித்து வைத்துக்கொண்டேன். குழையை வீணாக்குவானேன் என்று ஆட்டுக்குப் போட்டேன். ஆடு ஒரு இலை மிச்சம் விடாமல் தின்றது.

அன்றிரவே மழை தொடங்கிவிட்டது. மழை என்பதால் பார்க்க வர இருந்தவர்கள் வரவேயில்லை. மழை என்பதால் காக்காவும் மூடவில்லை. இரண்டாம் நாள் ஆறு பெருகிப் பாதைக்கு ஏறியது. பாதை எது, கிடங்கு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே கலங்கல் தண்ணீராக விரிந்து கிடந்தது. அண்ணை இரண்டு நாளும் வெளிக்கிடவில்லை. எனக்குப் பெரிய நிம்மதி.

மூன்றாம் நாள் விடிய மழை விட்டிருந்தது. சைக்கிள் மணி கேட்டது. நான் பாயை அப்படியே போட்டுவிட்டுப் படலைக்கு ஓடினேன். அண்ணை ஒரு காலை ஊன்றி நின்றார்.

"ரீச்சர், புதுத் தண்ணி வந்திருக்கு. இண்டைக்கு நல்ல இறால் படும். கொண்டு வரட்டோ?"

சொல்லத்தான் ஓடினேன். அல்லாஹ் அறிவான். பாதையால் போகாதேங்கோ, கிடங்கு இருக்கு என்று சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்? ஆனால் சொன்னால், ஆர் வெட்டினது என்று கேட்பார். வந்த கோபத்தோடு நேரே காக்காவின் வீட்டு வாசலுக்குப் போவார். அங்கிருந்து பொலிசுக்குப் போவார். நஸ்ஹாவின் மாப்பிள்ளை வீட்டுக்காரர் காதுக்கு எட்டும். இத்தனையும் ஒரு மூச்சுக்குள் என் தலையில் ஓடி முடிந்தது. முப்பது வருடம் தண்ணீரில் கிடந்த மனிசன், அவருக்குத் தெரியாத பாதையா என்று நானே எனக்கு ஒரு பதிலும் சொல்லிக்கொண்டேன்.

"வேண்டாம் அண்ணை" என்றேன். "இண்டைக்கு வேண்டாம்."

அவர் சிரித்துக்கொண்டே மிதித்தார். நான் உள்ளே வந்து, யா அல்லாஹ், அந்த மனிசனைக் காப்பாற்று என்று துஆக் கேட்டேன். கேட்டுவிட்டு ரொட்டி சுட்டேன்.

மத்தியானம் யூட்சன் தேடிப் போய்க் கிடங்குத் தண்ணீருக்குள் கண்டுபிடித்தான். நீந்தத் தெரியாதவர் இல்லை. தோளில் கிடந்த வலைதான், ஈயக் குண்டுகளோடு அவரையும் சைக்கிளையும் சேர்த்துச் சுற்றிவிட்டது.

செத்தவீட்டுக்குப் போனேன். புனிதமலர் அக்கா செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பிரேதப் பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி வந்து கட்டிப்பிடித்தாள்.

"யூட்சன் சொன்னவன் ரீச்சர். நீங்கள் குழை நட்டு வைச்சனீங்களாம். எவனோ பிடுங்கிப் போட்டான். பிடுங்கினவன்ர கை விளங்குமே?"

அவளுடைய கண்ணீர் என் முக்காட்டை நனைத்தது. என் கை இரண்டும் அவள் முதுகில் இருந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் குழை அதற்குப் பிறகு ஊர்வாயில் வளரத் தொடங்கியது. மரண விசாரணையில் காக்கா அதைத்தான் சொன்னார். "எங்கட தங்கச்சி தன்ர கையால குழை நட்டு எச்சரிக்கை வைச்சவா. இறந்தவர்ர மகனே கண்டவர். ஆரோ பிடுங்கினதுக்கு நாங்கள் என்ன செய்ய?" யூட்சனும், ஓம், கண்டனான் என்றான். பிழை முழுவதும் பெயர் தெரியாத ஒருவனின் தலைக்குப் போனது. பிடுங்கினவனைப் பிடிக்கும்வரை வழக்கு முடியாது, வழக்கு முடியும்வரை தடயத்தைத் தொடக்கூடாது, அதனால் கிடங்கை மூடவும் கூடாது என்றார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளி ஜும்ஆவில் மௌலவி பேசினாராம். நம் ஊரில் ஒரு சகோதரி, பெயர் சொல்ல விரும்பவில்லை, தீமையைக் கண்டதும் கையால் மாற்றினார், ஆண்களுக்கே வராத துணிவு என்று. காக்கா பள்ளியிலிருந்து வந்து இதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் வெட்கம் என்று ஒன்று இருக்கவில்லை.

"உன்னைப் பற்றித்தான்" என்றார்.

"பிடுங்கினது ஆர் எண்டும் சொன்னவரோ?"

"விசர்க் கதை கதையாத. நானும் மனசுக்க அழுகிறன்தானே."

நானும் அப்படித்தான் அழுதுகொண்டிருந்தேன். இரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, என் காக்காவை வெறுத்தேன், கிடங்கை வெறுத்தேன், என்னை வெறுத்தேன். நல்ல முழுமையான வெறுப்பு. கடைசிப் படியில் எந்தக் குறையும் வைக்கவில்லை.

அண்ணையின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு வந்த சனிக்கிழமை. காக்கா உள்ளே நஸ்ஹாவோடு இருந்து நிக்காஹ் கார்ட்டுகளுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். புனிதமலர் அக்கா படலையில் வந்து நின்றாள். கறுப்புச் சேலை, கையில் ஒரு கத்தி.

"ரீச்சர், உங்கட வேலியில ஒரு பூவரசங் கொப்பு முறிச்சுத் தாறீங்களே? நான் ஒவ்வொரு கிழமையும் அந்தக் கிடங்கடியில ஒண்டு நடுறனான். நட்டது வாடிப் போச்சு."

"வெட்டுங்கோ அக்கா. கேக்க வேணுமே?"

"இல்லை, நீங்கள் முறிச்சுத் தாங்கோ. உங்கட கை நல்ல கை."

முறித்தேன். நல்ல குழையாகப் பார்த்து முறித்தேன். நீட்டும்போது அவள் கொப்பைப் பிடிக்காமல் முதலில் என் கையைப் பிடித்தாள். பிடித்துத் தன் நெற்றியில் வைத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கா, பிடுங்கினது நான்."

"எதை?"

"குழையை. நட்டதும் நான், பிடுங்கினதும் நான். காக்கா எடுக்கச் சொன்னவர். அண்டைக்கு விடிய அண்ணை இந்தப் படலையில நிண்டவர். எனக்கு எல்லாம் தெரியும். சொல்லேல்லை."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தி இருந்த கையைக்கூடப் பார்த்தேன். அவள் என் கையை விட்டாள். ஏதோ தொலைந்த பொருளை விசாரிக்கிறவள் மாதிரிக் கேட்டாள்.

"பிடுங்கி எங்க போட்டனீங்கள்?"

"ஆட்டுக்குப் போட்டனான்."

அவள் திரும்பி, மாமரத்தடியில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பூவரசங் கொப்பை வாங்காமல் ஒழுங்கையில் இறங்கினாள். இரண்டு அடி போய் நின்றாள்.

"வாங்கோ. எனக்குச் சொன்னதைப் பொலிசிலயும் வந்து சொல்லுங்கோ. இப்பவே போவம்."

உள்ளேயிருந்து காக்காவின் குரல் கேட்டது. "ஜெஸீமா, புத்தளத்து மாமி வீட்டுக்கு எத்தினை கார்ட் வைக்கிறது?"

நான் படலையைப் பிடித்தபடி நின்றேன். செருப்பு வாசற்படியில்தான் கிடந்தது. அக்கா காத்து நின்றாள். பிரதான வீதியில் முல்லைத்தீவு பஸ் ஹோர்ன் அடித்துப் போகும்வரை காத்து நின்றாள். பிறகு தன் வேலியில் ஒரு கிளுவங் கொப்பை வெட்டி எடுத்துக்கொண்டு கிடங்கடிக்குத் தனியாக நடந்தாள்.

"எத்தினை எண்டு கேட்டனான்" என்றார் காக்கா.

"மூண்டு" என்றேன்.

அஸருக்குப் பெண்கள் வருவார்கள். மௌலவி பேசியதைக் கேட்ட நாளிலிருந்து அந்தப் பாடத்தைத்தான் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். சொல்லுவேன். கையைத் தூக்கிக் காட்டுவேன், உதட்டைத் தொடுவேன். நெஞ்சைத் தொடும் இடம் வரும்போது கண் கலங்கினாலும் கலங்கும். அதைப் பார்த்து அவர்களும் அழுவார்கள். ஏனென்றால் புனிதமலர் அக்கா ஒழுங்கை முடக்கில் மறைந்தபோது, உள்ளத்தால் நான் அவளோடு பொலிஸ் வாசல் வரைக்கும் போனேன்.