ஏழாம் கிணற்றில் நிற்காமல்

அந்த வியாழக்கிழமை என் கணவர் மெர்வ் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தபோது, அவருடைய பிடரி முடி ஒழுங்காக வெட்டப்பட்டிருந்ததைப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் வெயில் படாத வெள்ளைத் தோல் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. முப்பத்தொரு வருடங்களாக அந்தத் தலையில் கத்தரிக்கோல் வைத்தவள் நான் ஒருத்திதான்.

“யாரு வெட்டினது?”

“கொலீன்தான். டீசல் போட நின்னேனா, ‘கழுத்துல புதர் மண்டிக் கெடக்கு, உக்காருங்க’ன்னா. உக்காந்துட்டேன்.” சிரித்துக்கொண்டே சூப்பை உறிஞ்சினார். ஒளிக்க எதுவும் இல்லாதவரின் சிரிப்பு அது. அதைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் அதிகமாக எரிந்தது.

செவ்வாய்க்கிழமை விடியலில் தபாலும் மளிகையும் மருந்துமாக லேண்ட்குரூசர் வண்டியில் கிளம்பினால், மாட்டுப் பண்ணைகள் எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டு வியாழன் மாலைதான் மெர்வ் வீடு திரும்புவார். தொள்ளாயிரம் கிலோமீட்டர் செம்மண் பாதை. நடுவில் ஏழாம் கிணறு என்ற நிறுத்தம். ஒரு டீசல் பம்பு, நான்கு கட்டில், ஒரு சமையலறை, புருஷனை இழந்த கொலீன். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை அங்கே நின்று டீசல் போட்டே ஆக வேண்டும். அந்த வண்டியின் டேங்க் அவ்வளவுதான் பிடிக்கும்.

பொறாமை என் வீட்டுக்குள் அக்கறை என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தது. நானும் கதவைத் திறந்துவிட்டேன். மெர்வின் அறுபதாவது பிறந்தநாள் நெருங்கியது; அதற்குப் பரிசு என்று சொல்லிக்கொண்டேன். பின்பாதையில் கார் ஓட்டிப்போய் டீட்டரின் பட்டறையில் நின்றேன்.

டீட்டர் எங்கள் சபையில் கனத்த குரலில் பாடுகிறவர். ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடியே என்னைப் பார்த்தார்.

“இன்னொரு டேங்க்கா? வெக்கலாமே. அடியில ஸ்டெப்னி இருக்கற எடத்துல தொங்கவிட்டா நூத்திப்பத்து லிட்டர் புடிக்கும். ஸ்டெப்னியப் பின்பக்கம் தூக்கி மாட்டிடலாம். ஆனா எதுக்கு லோர்னா? நடு வழியில ஏழாம் கிணறு இருக்கே. உன் வீட்டுக்காரன் என்ன, பாலைவனத்தக் குறுக்கால வெட்டிக் கடல் பாக்கவா போறான்?”

டிரம் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு லாரிக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சூடாயிற்று. அவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது போலத் தோன்றியது.

“அங்க டீசல்ல தண்ணி வருதாம்” என்றேன்.

மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னேன். ஆனால் டீட்டர் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது. டீசலில் தண்ணீர் என்றால் நடுக்காட்டில் எஞ்சின் படுத்துவிடும். அந்தப் பாதையில் அது உயிர் விஷயம்.

“மெர்வா சொன்னான்?”

நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினேன்.

மூன்று நாளில் டேங்க் ஏறிவிட்டது. பிறந்தநாளன்று மெர்வ் அரைமணி நேரம் வண்டிக்கு அடியில் கிடந்து குழாய்களைத் தடவிப் பார்த்தார். டீட்டர் பக்கத்தில் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார்: “பழைய டேங்க் பாதிக்கு வந்ததுமே ஸ்விட்ச்சப் போட்டுடு. புதுசுலேருந்து இதுக்கு ஏறிடும். கடைசி வரைக்கும் விட்டுட்டு அப்பறம் ஏத்தற மோட்டார் ஓடலன்னா, டிங்கோ காட்டுநாய்கூடத்தான் பேசிக்கிட்டு ஒக்காரணும்.”

மெர்வ் வெளியே வந்து முழங்கையால் முகத்தைத் துடைத்தார். “இனிமே ஏழாம் கிணத்துல நிக்கவே வேணாம் போலருக்கே.”

“வேணாமே” என்றேன். அவர் முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தேன். செம்மண் தூசிதான் இருந்தது.

ஐந்து வாரம் நன்றாகத் தூங்கினேன். ஆலயத்தில் பீடத்துக்குப் பூ வைக்கும்போது பாடக்கூடச் செய்தேன். ஆறாவது செவ்வாய், பதினொன்றரைக்குத் தொலைபேசி அடித்தது.

“லோர்னாவா? நான் கொலீன், ஏழாம் கிணறு. மெர்வ் இப்பத்தான் தாண்டிப் போறாரு, பதினொண்ணு இருபதுக்கு. நிக்கல, கையாட்டிட்டுப் போய்ட்டாரு. உங்களுக்குச் சொல்லிடலாம்னு.”

“எனக்கு எதுக்கு?” என் குரல் எனக்கே முரடாகக் கேட்டது.

“நின்னு போறவங்க எங்க போறேன், எப்பப் போய்ச் சேருவேன்னு சொல்லிட்டுப் போவாங்க, நான் நோட்டுல எழுதிப்பேன். நிக்காதவங்கள யாரு எழுதறது? என் வீட்டுக்காரர் டிரெவர் வண்டி அச்சு முறிஞ்சு மூணு நாளு கெடந்து உசுர விட்டாரு. அவரு எந்த எடத்தத் தாண்டினாருன்னு ஒருத்தருக்கும் தெரியல. அதான் அஞ்சு வாரமாவே மெர்வையும் ஜன்னல் வழியாப் பாத்து எழுதிட்டுத்தான் இருக்கேன். உங்க நம்பரு இன்னிக்குத்தான் கெடச்சுது.”

அவளே தொடர்ந்தாள். “இப்ப நெறையப் பேரு நிக்கறதில்ல. நம்ம டீசல்ல தண்ணின்னு யாரோ கெளப்பிவிட்டுட்டாங்க. எவனோ குடிச்சிட்டு ஒளறியிருப்பான், விடுங்க. மெர்வ் வந்து சேந்ததும் சொல்லச் சொல்லி கடைசிப் பண்ணைக்காரங்ககிட்ட சொல்லியிருக்கேன். தகவல் வந்ததும் கூப்பிடறேன். நிம்மதியா வேலையப் பாருங்க.”

சொன்னபடியே மாலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டாள்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். டீட்டர் இன்னொரு வண்டிக்கு டேங்க் மாட்டிக்கொண்டிருந்தார். அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, நான் சொன்னது பொய் என்றேன். மெர்வ் அப்படி எதுவும் சொல்லவில்லை, நானாகக் கட்டிவிட்டது என்றேன். டீட்டர் கந்தல்துணியில் கையை நெடுநேரம் துடைத்தார்.

“இங்க இருக்கறவனுக்கு நான் சொல்லிடுவேன். இதக் கேட்டுட்டு வடக்கால போனவன் எத்தன பேருன்னு எனக்கே தெரியாதே, லோர்னா.”

வியாழன் இரவு மெர்வுக்கும் சொன்னேன், பிடரி முடியிலிருந்து தொடங்கி. அவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வெளியே போய் வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தார். திட்டியிருந்தால் அழுதிருப்பேன். உள்ளே வந்தபோது ஒன்றுதான் சொன்னார். “செவ்வாக்கெழம நீயும் வா.”

வழி முழுக்க நான் பேச வேண்டியதை மனதுக்குள் கட்டிப் பார்த்தேன். தேவனிடம் கேட்டேன், சரியான வார்த்தை வரவில்லை. ஏழாம் கிணற்றில் மெர்வ் வண்டியை நிறுத்தி, “ரெண்டு டேங்க்கும் ரொப்பணும், கொலீன்” என்று சொல்லிவிட்டுத் தபால் பையோடு உள்ளே போய்விட்டார். எங்களைத் தனியே விட்டார்.

கொலீன் நான் நினைத்ததைவிட வயதானவள். முழங்கால் வலிக்காரியின் நடை. வண்டிக்குப் போடும் முன் ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்துப் பம்பிலிருந்து அதில் கொஞ்சம் டீசலைப் பிடித்தாள்.

“இருங்க, மொதல்ல இதப் பாத்துடுங்க. தண்ணி இருந்தா அடியில தங்கிடும். இப்பெல்லாம் யாரு வந்தாலும் காட்டிட்டுத்தான் போடறேன்.”

அப்போதுதான் சமையலறை ஜன்னலைப் பார்த்தேன். விளிம்பு நெடுகிலும் ஜாம் ஜாடிகள், ஒவ்வொன்றிலும் டீசல், ஒவ்வொன்றின் மேலும் தேதி எழுதிய சீட்டு.

“கொலீன்” என்றேன். “டீசல்ல தண்ணின்னு மொதல்ல சொன்னது நான்தான்.”

அவள் திரும்பவில்லை. ஜாடியை வெயிலுக்கு நேராக உயர்த்திப் பிடித்தபடியே நின்றாள். தேன் நிறத்தில் அது தெளிந்துகொண்டிருந்தது. அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.