அகல்யா அக்கா

இரண்டரை வருடங்களுக்குப் பிறகு கந்தம்மாள் தன் மகளை ஒரு போன் திரையில்தான் பார்த்தாள். அதிலும் முகம் தெரியவில்லை, கைகள் மட்டும்தான் தெரிந்தன.

குமாரபாளையத்தில் அவள் கணவர் செங்கோடனுக்குப் பன்னிரண்டு தறி ஓடும் பட்டறை இருந்தது. அங்கே நூல் சுற்றும் ரஞ்சிதா மதியச் சாப்பாட்டு நேரத்தில் இன்ஸ்டாகிராமில் சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ அரிசியும் பருப்பும் கழுவிக் குக்கரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இடது மணிக்கட்டில் பணியாரக் கம்பி சுட்ட தழும்பு. கந்தம்மாள் சோற்றுக் கையோடு போனைப் பிடுங்கினாள். அது மோனிஷாவின் கை.

வேறு சாதிப் பையன் குமரனைக் கட்டிக்கொண்டு மோனிஷா போன நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்லக் கூடாது. செத்துப்போனாள் என்று செங்கோடன் முடித்துவிட்டார். மூத்தவன் பூபதி அதோடு விடவில்லை. எங்கே கண்ணில் பட்டாலும் இருவரையும் உயிரோடு விடமாட்டேன் என்று சொந்தபந்தம் நடுவே சொன்னான். சொன்னால் செய்கிறவன் என்பது பெற்றவளுக்குத் தெரியும். அதனால் அவளும் வாயைத் திறக்கவில்லை. மகளின் நம்பர் மாறிப்போயிருந்தது. அது மாறாமலிருந்தாலும் தான் கூப்பிட்டிருப்போமா என்பது அவளுக்கே சந்தேகம்தான்.

பூபதி கழித்துப் போட்ட பழைய போனில் ரஞ்சிதா ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தாள். பெயர் அகல்யா, படத்துக்கு ஒரு செம்பருத்திப் பூ. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், எனக்கு எழுத வராதே என்றாள் கந்தம்மாள். மைக் படத்தை அழுத்திப் பேசினால் போனே எழுதிக்கொள்ளும் என்று ரஞ்சிதா காட்டினாள். குரலை அப்படியே அனுப்பும் பொத்தான் பக்கத்திலேயே இருந்தது. அதைத் தொடவே கூடாது என்று கந்தம்மாள் மனதில் வைத்துக்கொண்டாள்.

சீரகத்தைக் கடைசியில் தாளித்துக் கொட்டினால் மணம் நிற்கும் என்பதுதான் அவள் அனுப்பிய முதல் செய்தி. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. ‘எங்கம்மாவும் அப்படித்தான் செய்வாங்க அக்கா.’

அதிலிருந்து தினமும் பேச்சுதான். பட்டறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் நின்றுகொண்டு, தறிச் சத்தம் போனுக்குள் போகாமல் முந்தானையால் மூடியபடி பேசுவாள். மோனிஷா ஓசூரில் இருந்தாள். குமரனுக்குக் கம்பெனி வேலை. அக்கம்பக்கத்தில் தெரிந்தவர்கள் யாருமில்லை. காய்ச்சல் வந்தால் அகல்யா அக்காவிடம் கசாயம் கேட்டாள். குமரனோடு சண்டை வந்தால் அகல்யா அக்காவிடம் அழுதாள். வீட்டில் இருந்தபோது கூட இவ்வளவு பேசியதில்லையே என்று கந்தம்மாளுக்குத் தோன்றும். சந்தோஷத்தில் இரண்டு முறை பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

நாள் தள்ளிப்போன விஷயமும் முதலில் அகல்யா அக்காவுக்குத்தான் வந்தது. அன்றைக்கே மோனிஷா இன்னொன்றும் எழுதியிருந்தாள். ‘அப்பா விட மாட்டார், தெரியும். ஆனா அம்மா ஒரு போன் பண்ணியிருக்கலாம் அக்கா. ஒரே ஒரு போன். நான் அவ்வளவு வேண்டாதவளா போயிட்டேனா?’

கந்தம்மாள் மைக்கை அழுத்தினாள்.  அம்மாவுக்கு என்ன கஷ்டமோ என்று மட்டும் சொன்னாள். நீங்க ரொம்ப நல்லவங்க அக்கா, அதான் இப்படி நினைக்கிறீங்க என்று பதில் வந்தது.

ஏழாம் மாதம், அரிசிமாவில் வெல்லம் சேர்த்து எண்ணெயில் சுடும் கச்சாயம் தின்ன ஆசையாக இருப்பதாக மோனிஷா சொன்னாள். ஓசூரில் கேட்டால் யாருக்கும் தெரியவில்லையாம். கந்தம்மாள் தானே சுட்டு அனுப்புவதாகச் சொல்லி விலாசம் கேட்டாள். அதுவரை யாருக்கும் கொடுக்காத விலாசத்தை மோனிஷா கதவு எண்ணோடு அனுப்பினாள்.

மறுநாள் காலை தன் போனில் சார்ஜ் இல்லை என்று பூபதி அம்மாவின் போனை எடுத்தான். அதே நேரம் மோனிஷாவின் செய்தி வந்து விழுந்தது. அவன் நின்ற இடத்திலேயே மேலே மேலே தள்ளிப் படித்தான். அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கூட்டாளிகள் இருவரை ஏற்றிக்கொண்டு காரை எடுத்தான்.

கந்தம்மாள் கையில் மாவோடு பட்டறைக்கு ஓடினாள். ரஞ்சிதாவுக்குக் கணக்கின் பாஸ்வேர்டு நினைவிருந்தது. தன் போனில் அதைத் திறந்து அவள் படிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வரியிலேயே அவள் குரல் இறங்கிவிட்டது. பூபதி அகல்யாவாகப் பேசிக்கொண்டிருந்தான்.

‘ஓசூர்ப் பக்கம்தான் வர்றேன். கச்சாயத்தை நேர்ல கொடுத்துடறேன். வீட்லதான இருப்பீங்க ரெண்டு பேரும்?’

‘அய்யோ அக்கா, நிஜமாவா! இவருக்கு இன்னைக்கு லீவுதான். மதியம் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.’

ரஞ்சிதா பதறிக்கொண்டு தட்டினாள். வந்துகொண்டிருப்பது நான் இல்லை, உன் அண்ணன், உடனே வெளியே போ. மோனிஷா சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பி, விளையாடாதீங்க அக்கா, குழம்பு கொதிக்குது என்றாள். கார் இந்நேரம் சேலத்தைத் தாண்டியிருக்கும். கந்தம்மாள் போனை வாங்கி, இத்தனை நாளும் தொடாத அந்தப் பொத்தானை அழுத்தினாள்.

“சாமி, அம்மா பேசறேன். அகல்யா யாருமில்ல, நாந்தான். என்ற குரலு தெரியுதா? பூபதி ஆளுகளோட வாரான். அடுப்ப அணைச்சுட்டு ரெண்டு பேரும் இப்பவே போயிருங்க. எங்க போறீங்கன்னு எனக்குச் சொல்லாத. யாருக்குமே சொல்லாத சாமி.”

கேட்டுவிட்டாள் என்று திரை காட்டியது.  பிறகு ‘அம்மா?’ என்று ஒரே சொல் வந்தது. கந்தம்மாள் மறுபடி பொத்தானை அழுத்தி, உன்னை நினைக்காத நாளில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் செய்தி போகவில்லை என்று போன் காட்டியது. மோனிஷாவின் பக்கமே காணவில்லை. அரிசிம்பருப்புச் சாத வீடியோ, தழும்புள்ள கை, எல்லாம் போயிருந்தன.

பொழுது சாயும் நேரம் பூபதி திரும்பி வந்தான். அம்மாவின் போனைக் கல்லில் அடித்து உடைத்தான். நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று கேட்டான். அந்தக் கோபத்தைப் பார்த்துத்தான் பிள்ளைகள் தப்பிவிட்டார்கள் என்று கந்தம்மாளுக்கு உறுதியானது. அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். செங்கோடன் அவளோடு பேசுவதை அன்றோடு நிறுத்திவிட்டார்.

மகள் அந்த ‘அம்மா?’வை எப்படிச் சொல்லியிருப்பாள் என்பதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. ஆசையில் கேட்டாளா, ஏமாந்துபோய்க் கேட்டாளா? எழுத்தில் அது தெரியவில்லை. தாயும் போய், கூட இருந்த ஒரே சிநேகிதி அகல்யாவும் அன்றைக்கே போனாள் அவளுக்கு.

தை மாதம் ரஞ்சிதா மெதுவாகக் கேட்டாள். புதுக் கணக்கு ஒன்று தொடங்கித் தேடிப் பார்க்கலாமா, மோனிஷாவால் சமைக்காமல் இருக்க முடியாது, எங்காவது வேறு பெயரில் இருப்பாள் என்றாள். கந்தம்மாள் நூலைப் பார்த்தபடியே சொன்னாள்.

“வேண்டாம் சாமி. நாம தேடி அவ கெடைச்சா, அவனுக்கும் கெடைச்சுருவா.”

மாசி முடிந்து பங்குனி பிறந்தது. பேரக்குழந்தை ஆணா பெண்ணா என்று கந்தம்மாளுக்கு இன்றுவரை தெரியாது.