ஓரம் தேய்ந்த பத்து ரூபாய்

அரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரில் கடிகாரம் பழுது பார்க்கும் காஜாவுக்கு நாணயப் பித்து. சும்மா சொல்லக் கூடாது, சோறுகூட இரண்டாம் பட்சம்தான். 1984-ல் சேலத்தில் ஒரு கண்காட்சி. அரசாங்கம் நினைவாக வெளியிட்ட காசுகளில் பத்து வைக்க வேண்டும். பத்தும் கைபடாத முதல் தரமாக இருக்க வேண்டும், ஒன்று சறுக்கினாலும் பரிசு கிடையாது. ஒன்பது தேறிவிட்டது. காந்தி நூற்றாண்டுக்கு வந்த பத்து ரூபாய் வெள்ளிக் காசுதான் அவனுக்கு ஆட்டம் காட்டியது. இருந்ததோ நான்கே நாள்.

அந்த நேரம் பார்த்து மாதம்மாள் கடைக்கு வந்தாள். முன்பு குடியிருந்த தெருவில் பக்கத்து வீட்டுக்காரி. அவன் மனைவி ஷகிலா சந்தையில் புலம்பியதைக் கேட்டு, காசை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்து வந்திருந்தாள். பரிசு வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதுமாம்.

காஜா கண்ணில் லென்ஸை இடுக்கினான். காந்தியின் காது மடல் கூர்மை குறையாமல் இருந்தது. பின்பக்கம் சிங்கத்தின் பிடரியும் அப்படியே. அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சந்தோஷத்தில் காசை விரல்களுக்கிடையே உருட்டினான். ஓரிடத்தில் விரல் வழுக்கியது. கால் அங்குலத்துக்கு ஓரத்துக் கோடுகளே இல்லை.

இதென்ன கூத்து? முகம் புத்தம் புதுசு, ஓரம் மட்டும் கிழடா? கீழே விழுந்திருந்தால் நசுங்கியிருக்கும். ஆசாரி அரம் போட்டிருந்தால் கீறல் தெரியும். இது யாரோ வருடக்கணக்காக, பொறுமையாகக் கல்லில் தேய்த்த தேய்ப்பு. காசு தரம் இறங்கிப்போனதைவிட, காரணம் தெரியாததுதான் அவனைக் குடைந்தது. கேட்டே விட்டான்.

மாதம்மாள் சிரித்தாள். தெருவில் குழந்தை பிறந்தால் உரைமருந்து அவள் கைதானாம். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாம் கல்லில் இழைத்த பிறகு, இந்தக் காசின் ஓரத்தையும் மூன்று இழைப்பு இழைத்து, தாய்ப்பாலில் குழைத்து நாக்கில் தடவுவாளாம்.

"உங்க வஹிதாவுக்கும் நாந்தானுங்க பாய் வெச்சேன். கொழந்த பொழைக்குமான்னு ஷகிலா அழுதுட்டுக் கெடந்துச்சே, அப்ப ஒரு நாளு வுடாம வந்து வெச்சேன்."

காஜா கண்ணிலிருந்து லென்ஸைக் கழற்றினான். ஏழு வருடத்துக்கு முன்னால், கைப்பிடி அளவே பிறந்த மகளைப் பார்க்கப் பயந்து, வீட்டுக்கே போகாமல் இந்தக் கடையில்தான் கிடந்தான். வீட்டில் என்ன நடந்ததென்று அவனுக்கு எங்கே தெரியும்? வெட்கமாக இருந்தது.

கண்காட்சியில் காசைச் செருகும் சட்டத்தில் காசின் அடி ஓரத்தை மறைக்கிற ஒரு பட்டை உண்டு, மேல்பக்கம் திறந்திருக்கும். தேய்ந்த இடத்தை அடியில் தள்ளிவிட்டால் நடுவருக்குத் தெரியாது. ஷகிலாவே அப்படித்தான் சொன்னாள். காஜாவுக்கும் கை அரித்தது, பொய் சொல்வானேன். வைத்தான், எடுத்தான், கடைசியில் தேய்ந்த ஓரம் மேலே தெரியும்படி திருப்பி வைத்தான்.

நடுவர் குனிந்து பார்த்தார். ஒன்பதும் பிரமாதம், இது மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார். பரிசு அந்த நொடியே போய்விட்டது.

பின்னால் நின்று சேமியா ஐஸ் சப்பிக்கொண்டிருந்த வஹிதாவைக் காஜா தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினான்.

"அத இவ தின்னுட்டா சார்."