பந்தியில் எடுத்த படம்

அன்றைக்குக் காலையிலிருந்தே நான் கடுகடுவென்றுதான் இருந்தேன். ஒரு கல்யாண வீட்டுக்காரர், பொண்ணை இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கச் சொல்லி ஏழாவது தடவையாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். இதற்கு மேல் வெளுத்தால் பிள்ளை சுவரோடு சுவராகப் போய்விடும் என்று அவருக்கு யார் எடுத்துச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்று வெளுத்து அனுப்பினேன்.

நான் சிவரஞ்சனி. திருக்கோகர்ணத்தில் அருண்குமார் அண்ணன் நடத்துகிற ஸ்டுடியோவில் ஒன்பது வருஷமாக எடிட்டிங் பார்க்கிறேன். அண்ணன் கேமராவோடு மண்டபம் மண்டபமாக அலைவார். ஒரு கல்யாணத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் படம் கொண்டுவந்து கொட்டுவார். அதில் கழித்தது போக மீதியை ஆல்பமாக்குவது என் பாடு. முன்னெல்லாம் கண் பூத்துப்போகும். இப்போது எல்லாவற்றுக்கும் சாஃப்ட்வேர் வந்துவிட்டது. கண் மூடின படங்களை ஒன்று தானே ஒதுக்கிவிடும். நிறத்தை இன்னொன்று சரிசெய்யும். பின்னால் வேண்டாத ஆள் நின்றால் ஆள்மேல் ஒரு கோடு இழுத்தால் போதும். அவர் நின்ற இடத்தில் சுவரையோ திரைச்சீலையையோ அதுவே நிரப்பிவிடும். போன வருஷத்திலிருந்து முகம் தேடுகிற வசதியும் வாங்கியிருக்கிறோம். மண்டப வாசலில் ஒட்டியிருக்கிற க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, போனில் மூஞ்சியைக் காட்டினால், அந்த ஆள் இருக்கிற படங்கள் மட்டும் அவர் போனுக்கு வந்துவிடும்.

இப்படி ஜனங்கள் வரிசையில் நின்று போனுக்கு மூஞ்சி காட்டுவதை ஏதோ ஒரு மண்டபத்தில் பார்த்துவிட்டுத்தான் சொர்ணம் அக்கா எங்களைத் தேடி வந்தார்.

ஐம்பதைத் தாண்டின வயது. கூட வந்த நாகராசு அவருடைய கொழுந்தனார்; உள்ளே வராமல் கண்ணாடிக் கதவோரமே நின்றுகொண்டார். அக்காவின் வீட்டுக்காரர் அய்யாக்கண்ணு செத்து ஒன்பது நாளாகியிருந்தது. காலையில் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், எழுந்திருக்கவில்லையாம். பதினாறாம் நாள் காரியத்தில் படத்திறப்பு. திறக்கத்தான் படம் இல்லை. பதினாறு கழியாமல் பெண்டாட்டி வீட்டுப்படி தாண்டக்கூடாது என்று அவர்கள் பக்கம் வழக்கம் உண்டு. அக்கா தாண்டி வந்திருந்தார். கொழுந்தனார் முகம் கடுத்துக் கிடந்ததற்கு அதுதான் காரணம்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே கறம்பக்குடிப் பக்கத்துச் சமையல் காண்டிராக்டர் ஒருவரிடம் வேலை. அய்யாக்கண்ணு பந்தி பரிமாறுவார். அக்கா காய் நறுக்குவார், சாப்பிட்ட இலை எடுப்பார். பிள்ளைகள் இல்லை. இருந்தது ஒரே ஒரு பட்டன் போன். சொந்தக்காரர் விசேஷத்துக்குப் போனாலும் அந்த மனுஷன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போய்விடுவாராம், போட்டோவுக்குக் கூப்பிட்டால் வரமாட்டாராம். இருபத்தேழு வருஷத்துக்கு முந்தின அவர்கள் கல்யாணத்துக்கும் படம் எடுக்கவில்லையாம். வீட்டில் இருந்தது ஆதார் அட்டை ஒன்றுதான். அக்கா அதை மேஜைமேல் வைத்தார். ஆதார் படத்தில் நாம் யார்தான் மனுஷராகத் தெரிகிறோம்? இருந்தாலும் இது ரொம்ப மோசம். அய்யாக்கண்ணு அதில் ஏதோ குற்றம் செய்து பிடிபட்டவர்போல முழித்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, மூஞ்சியக் காட்டுனா அந்த ஆளு இருக்குற போட்டாவப்பூராம் ஒங்க மிசினு எடுத்துக் குடுக்குமாமே. அவரு ஒங்க கேமராவுக்கு முன்னாடி எத்தன கல்யாணத்துல நின்னுருக்காரு. ஒன்னே ஒன்னு எடுத்துக் குடு. பந்தியில நிக்கிறப்ப ஒரு சிரிப்புச் சிரிப்பாரு. அந்த மூஞ்சி இருந்தாப் போதும்" என்றார் அக்கா.

இது ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். அட்டையைப் படம் எடுத்து, எங்கள் கணக்கில் ஏற்றியிருக்கிற அத்தனை கல்யாணத்திலும் தேடவிட்டேன். அந்தக் காண்டிராக்டர் சமைத்த கல்யாணமே அதில் இருபதுக்கு மேல் தேறும். சக்கரம் சுற்றிச் சுற்றி நின்றது. ஒரு படம்கூட இல்லை என்று வந்தது.

வெளிச்சம் பத்தாமல் எடுத்துவிட்டேனோ என்று மறுபடி எடுத்துத் தேடினேன். மறுபடியும் இல்லை. நாகராசு வாசலிலிருந்தபடியே, நான் அப்பவே சொன்னேனே, கெளம்புங்க அண்ணி என்றார். அக்கா அசையவில்லை. மிசின் யோசிக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, வெறும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தேடுகிற இடத்தில் ஏற்றியிருப்பதெல்லாம் நான் முடித்துக் கொடுத்த படங்கள். நான் முடித்த படத்தில் வாளி இருக்காது, எச்சில் இலை இருக்காது, வாளி தூக்குகிற ஆளும் இருக்கமாட்டார். வீட்டுக்காரர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போலக் கேட்பது அதைத்தான். பின்னாடி ஒருத்தன் வாளியோட நிக்கிறான் பாரு, அவனை எடுத்துரு. கேட்காதவர்களுக்கும் நானே எடுத்துவிடுவேன். பந்திக்கு முந்திக்கொள்கிறவர்கள் யாரும் பரிமாறுகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை. நானும் ஒன்பது வருஷமாகப் பார்த்ததில்லை.

இல்லைக்கா, கிடைக்கலை என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். வாய்வரை வந்துவிட்டது. அவர் எழுந்து போயிருந்தால் சொல்லியிருப்பேன். போகவில்லையே. அதனால், வீட்டுக்காரர் நன்றாகச் சிரித்த கல்யாணம் ஏதாவது ஞாபகமிருக்கிறதா என்று கேட்டேன்.

ஆல்பம் கொடுத்து ஆறு மாதம் ஆனால் கேமராவில் எடுத்த மூலப் படங்களை அழித்துவிடுவோம். டிஸ்க்கில் இடம் வேண்டுமே. ஆனால் ஆல்பத்தின் பெரிய பக்கங்களை மட்டும் வேலை செய்த கோப்பாகவே வைத்திருப்பேன், திரும்ப பிரிண்ட் கேட்டு வருவார்கள் என்று. அந்தக் கோப்பில் படம் அடுக்கடுக்காக இருக்கும். அடியில் கேமரா எடுத்தது அப்படியே கிடக்கும். நான் துடைத்தது, நிரப்பினது எல்லாம் அதற்கு மேல் தனி அடுக்கு. மேல் அடுக்கை மறைத்தால் அடியில் உள்ளது தெரியும்.

அக்கா யோசிக்கவே இல்லை. போன வைகாசியில் ஒரு கல்யாணம், பொண்ணு பச்சைப்பட்டு, மாப்பிள்ளை பந்தியில் வைத்து அதற்கு ஜாங்கிரி ஊட்டிவிட்டார் என்று சொன்னார். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்த ஜாங்கிரிப் படத்தை இரண்டு பக்கத்துக்கு விரித்துப் போட்டிருந்தேன். கோப்பைத் திறந்தேன். மாப்பிள்ளை கை, பொண்ணு வாய், ஜாங்கிரி, பின்னால் சந்தனக் கலரில் திரைச்சீலை. ஒரு அப்பழுக்கு கிடையாது.

அக்கா எழுந்து வந்து திரையில் விரலை வைத்தார். "இங்கனதான் நின்னாரு. இந்தா, மாப்பிள்ள தோளுக்கு அங்கிட்டு. இங்க என்ன, வெறும் துணியால்ல இருக்கு?"

மானிட்டரைத் திருப்பிக்கொண்டு அந்தக் காரியத்தைச் செய்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அவர் விரலை எடுக்கும் முன்பே மேல் அடுக்கை மறைத்துவிட்டேன். விரல் இருந்த இடத்திலேயே அய்யாக்கண்ணு வந்து நின்றார். கையில் வாளி, தோளில் ஈரத்துண்டு. வாய் கொள்ளாத சிரிப்பு.

அக்கா அழவில்லை. விரலை மட்டும் சுட்டுவிட்டதுபோல எடுத்துக்கொண்டார். "இம்புட்டு நேரம் எங்கிட்டு இருந்தாரு?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வரவில்லை. "நான்தாங்க்கா அழிச்சிருந்தேன். வாளி தெரியுதுன்னாங்க" என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவரோ என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, கேமராவைக் கண்டால் அவரே ஒதுங்கிக்கொள்கிறவர்தான், அன்றைக்கு எப்படியோ ஒதுங்காமல் நின்றுவிட்டார் என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு கல்யாணத்துக்கு ஐந்து பேர், பத்துப் பேர் என்று ஒன்பது வருஷத்துக்குக் கணக்குப் பார்க்க ஆரம்பித்து, பயந்துபோய் நிறுத்திவிட்டேன்.

அதற்குள் நாகராசு உள்ளே வந்திருந்தார். தன் அண்ணனைப் படத்தில் பார்த்ததும் அதுவரை விறைப்பாக நின்ற மனுஷன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். நான் படத்தைப் பெரிதாக்கினேன், முகம் பிரிண்டுக்குத் தாங்குமா என்று பார்க்க. தாங்கும். பெரிதாக்கினபோதுதான் பக்கத்தில் இன்னொருவர் இருப்பது தெரிந்தது. அய்யாக்கண்ணுவின் முழங்கையை ஒட்டி, எச்சில் இலையை மடித்துக் கூடையில் போட்டபடி பாதி குனிந்த ஒரு பெண். முந்தானையை இடுப்பில் சொருகியிருந்தார். முகம் மட்டும் நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவரையும் அதே கோட்டில் அழித்திருக்கிறேன்.

"நாந்தான்" என்றார் அக்கா.

மாப்பிள்ளை ஜாங்கிரி ஊட்டுவதைப் பார்த்துவிட்டு, இலை எடுக்கிற சாக்கில் பக்கத்தில் போய், என்னைக்காச்சும் எனக்கு இப்படி ஊட்டிருக்கீங்களா என்று கேட்டாராம். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. அவர் பதில் ஏதும் சொன்னாரா என்று கேட்டேன். சொல்லவில்லையாம், வேலை முடிந்து வேனில் திரும்பும்போது ஒரு இலைக்கிழிசலில் மடித்த ஜாங்கிரியை எடுத்துக் கையில் கொடுத்தாராம். இதைச் சொல்லும்போதுதான் அக்காவுக்குக் குரல் உடைந்தது. இருபத்தேழு வருஷத்தில் இருவரும் சேர்ந்து இருக்கிற படம் இது ஒன்றுதான்.

நாகராசு கண்ணைத் துடைத்துக்கொண்டு காரியத்துக்கு வந்தார். இந்தப் படத்துக்கு மாலை போட முடியாது, உயிரோடு இருக்கிறவர் மேல் மாலை விழக்கூடாது என்றார். அவர் சொன்னது எனக்குத் தெரியாததல்ல. ஜோடிப் படத்தைக் கொண்டுவந்து, போனவரை வைத்துக்கொண்டு இருக்கிறவரை எடுத்துவிடச் சொல்வது எங்களுக்கு மாதம் நாலைந்து வரும். அக்காவும் தலையாட்டினார். என்னைய எடுத்துரு ஆத்தா என்று அவரே சொன்னார்.

ஒரு கோடுதான். அக்கா போய்விட்டார். அந்த இடத்தில் திரைச்சீலை மடிப்பு மடிப்பாக வந்து விழுந்தது. வாளியையும் எடுத்தேன். படம் சுத்தமாக வந்திருந்தது. தொழில்காரியாகச் சொல்கிறேன், ஒரு குறை சொல்ல முடியாது. நாகராசு போதும் என்றார்.

அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். "இப்ப யாரப் பாத்துச் சிரிக்கிறாரு?"

அவர் கேட்ட பிறகுதான் நானும் கவனித்தேன். கண் இரண்டும் கீழே பக்கவாட்டில் இருந்தன. அங்கே திரைச்சீலைதான் இருந்தது. அதற்கும் சாஃப்ட்வேர் இருக்கிறது. கருவிழியை நேராகத் திருப்பினேன். இப்போது அய்யாக்கண்ணு எங்கள் மூன்று பேரையும் பார்த்துச் சிரித்தார், ஓட்டு கேட்டு வந்தவர்போல. நாகராசுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம். அவரு பாத்த மாதிரியே வையி. என்னையவும் வையி. மால போடாட்டிப் போகுது" என்றார் அக்கா.

நாகராசு மன்றாடிப் பார்த்தார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, பதினாறுக்குள் வெளியே வந்ததையே நாலு பேர் பேசப்போகிறார்கள், இதில் செத்தவரோடு நீங்களும் போட்டோச் சட்டத்துக்குள் இருந்தால் என்ன சொல்வார்கள் என்றார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"ஊரா தம்பி அவருகூட இருவத்தேழு வருசம் எலை எடுத்துச்சு?"

நாகராசு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, மாலையைக் கீழே விளக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம், அண்ணி சொல்கிறபடி போடுங்கள் என்றார்.

நான் மேல் அடுக்குகள் எல்லாவற்றையும் மறைத்தேன். அக்கா வந்தார், வாளி வந்தது, கூடை வந்தது. மாப்பிள்ளை தோளை மட்டும் வெட்டிவிட்டு இருவரையும் சட்டத்துக்குள் நிறுத்தினேன். பிரிண்டுக்குக் கொடுக்கும் முன், பழக்கதோஷம், வாய் சும்மா இருக்கவில்லை. வீட்டில் விளக்கேற்றி வைக்கிற படமாச்சே, கையில் இருக்கிற அந்த எச்சில் இலையை மட்டுமாவது துடைத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும் ஆத்தா. அத எடுக்கக் குனியலைன்னா அவருகிட்ட நான் போயிருக்கவே மாட்டேன்ல" என்றார்.

நான் வேறெதையும் தொடாமல் பிரிண்டுக்குக் கொடுத்தேன்.