டிலுசாவை அழவைக்கும் கதை

1

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் தானாக முளைத்ததல்ல. இது ஒருவர் கேட்டு, ஓடருக்கு எழுதப்பட்டது. கேட்டவர் புனிதமலர் அக்கா. கேட்ட இடம், முல்லைத்தீவு நகரில் நான் வேலை செய்கிற மருந்துக்கடை. பிறஷர் குளிசையைப் பையில் போட்டுக்கொடுத்த பிறகும் அவர் போகாமல் நின்றார்.

"பிரேமிளா, நீ கதை எழுதிறனியாம். பேப்பரிலயும் வாறதாம்."

"ஓம் அக்கா, இடைக்கிடை."

"அப்ப எனக்கும் ஒண்டு எழுதித் தா."

புனிதமலர் அக்காவின் கணவர் இராயப்பு கடற்றொழில் செய்கிறவர். அவர்களுக்கு ஒரே மகள் டிலுசா. யாழ்ப்பாணத்தில் பட்டம் முடித்துவிட்டுக் கொழும்பில் ஓர் ஏற்றுமதிக் கொம்பனியின் கணக்குப் பிரிவில் சேர்ந்து ஏழெட்டு மாதமாகிறது. இப்போது அவளுக்கு அரசாங்க வேலை கிடைத்திருக்கிறது. அதுவும் இங்கேயே, கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில். மாதம் முடிவதற்குள் வந்து பொறுப்பேற்க வேண்டும். ஊரே சந்தோஷப்படுகிறது, டிலுசாவைத் தவிர.

"நான் சொன்னாலும் கேக்கிறாளில்லை, கோயில் ஃபாதர் சொன்னாலும் கேக்கிறாளில்லை. எழுத்தில வந்தாக் கேப்பாள். படிச்ச பிள்ளையெல்லே."

என்ன கதை வேண்டும் என்பதிலும் அவருக்குத் தெளிவு இருந்தது. "கொழும்புக்குப் போன ஒரு பிள்ளை. சாப்பாடு ஒத்துவராது. ஒருத்தரும் முகம் குடுத்துக் கதைக்கமாட்டினம். ஒருநாள் இருந்து அழுதுபோட்டு, பஸ் ஏறி வீட்டை வந்திடும். நீளமா வேண்டாம்."

என்னுடைய கதையால் ஒருவரின் மனம் மாறும் என்று நம்பிய முதல் மனிதர் அவர்தான். என் கதைகளைப் போட்ட ஆசிரியர்கள்கூட அப்படி நம்பியதாகத் தெரியவில்லை. உடனே ஒப்புக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்:

"கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கியபோது டிலுசாவின் கண்களில் மிரட்சி"

(நிறுத்திவிட்டேன். முல்லைத்தீவிலிருந்து கொழும்புக்கு யார் ரயிலில் போகிறார்கள்? பஸ்ஸில் போய், வெள்ளவத்தையில் அரைத் தூக்கத்தில் இறங்குவார்கள். மிரட்சி பிறகுதான் வரும், கையில் இருக்கிற பை வேறொருவருடையது என்று தெரிந்தால்.)

இரண்டாம் தொடக்கம்:

"கொழும்பின் கடல் அவளை ஓர் அந்நியளைப் போலப் பார்த்தது."

இந்த வசனம் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு நாள் அதனோடேயே சுற்றித்திரிந்தேன். அடுத்த வசனம் வரவில்லை. கொழும்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.*

* நான் அங்கே போனது எல்லாமே ஆஸ்பத்திரிக்கு. ஆகவே என் கொழும்பில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், எல்லோருக்கும் ஏதாவது வருத்தம் இருக்கும்.

இப்படி எதுவும் தெரியாமலே நகரத்தைத் திட்டுவதற்கு நம்மிடம் ஒரு மரபு உண்டு. கதைகளில் நகரத்துக்குப் போகிறவர்கள் முதலில் பசியை இழப்பார்கள், பிறகு தூக்கத்தை, கடைசியில் மழை பெய்யும். எனக்கும் அது போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்தக் கதையை வாசிக்கப்போகிறவள் அந்த நகரத்திலேயே இருக்கிறாள். ஒரு பஸ் நம்பர் பிழைத்தாலும் பிடித்துவிடுவாள். ஆகவே அவளுக்கே போன் எடுத்தேன்.

3

"பிரேமிளா அன்ரி! என்ன புதினம்?"

கொழும்பு வாழ்க்கை பற்றி ஒரு கதை எழுதுகிறேன், கொஞ்சம் தகவல் வேண்டும் என்றேன். பொய்யில்லை.

"உதில என்ன கதை கிடக்கு? வேலைக்குப் போறன், வாறன், உடுப்புத் தோய்க்கிறன்."

"கஷ்டமொண்டும் இல்லையோ?"

"என்ன மாதிரிக் கஷ்டம் வேணும் உங்களுக்கு?"

இப்படிக் கேட்டால் ஒரு எழுத்தாளர் என்ன சொல்வது? ஏதாவது நெஞ்சைத் தொடுகிற மாதிரி என்றேன். அவள் யோசித்துவிட்டு, அறை தேடிய கதையைச் சொன்னாள்.

ஒரு தமிழ் வீடு. மாடியில் அறை வாடகைக்கு. அந்த வீட்டம்மா நன்றாகத்தான் கதைத்தாவாம். தேத்தண்ணி கொடுத்து, பட்டம் எந்தப் பாடத்தில் என்று கேட்டு, "எங்கட மகளும் உதுதான் படிச்சவள்" என்றும் சொன்னாவாம். கடைசியில்தான் சொந்த இடம் எது என்று கேட்டிருக்கிறா. இவள் முல்லைத்தீவு என்றாள். அந்தம்மா கோப்பையைக் கீழே வைத்தா. "ஐயோ பிள்ளை, இவர் வேறை ஆருக்கோ வாக்குக் குடுத்திட்டார் போல. அந்தப் பக்கத்துப் பிள்ளையளெண்டா பொலிஸ் பதிவு, அது இதெண்டு பிறகு எங்களுக்கும் கரைச்சல்."

"அந்த 'இவர்' வீட்டிலயே இல்லை, அன்ரி" என்று டிலுசா சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. ஒருபக்கம் நெஞ்சு எரிந்தது. மறுபக்கம், (இதை எழுதாமல் விடலாம்தான்) கதை கிடைத்துவிட்டது என்று கை பரபரத்தது.

4

அன்றைக்கே எழுதினேன். தேத்தண்ணி ஆறுவதை எழுதினேன். படியிறங்குவதை எழுதினேன். தெருவில் நின்று அவள் விம்மி விம்மி அழுவதை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். தகவல் சரிபார்க்க என்று சாட்டுச் சொல்லி வட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

போன் வந்தது.

"அன்ரி, ஆர் உது, றோட்டில நிண்டு அழுறது?"

"நீதான். அதாவது, கதையில வாற பிள்ளை."

"நான் அழேல்லையே. தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சு, பிஸ்கற்றையும் திண்டிட்டுத்தான் எழும்பினனான். நல்ல பிஸ்கற். ஏன் விடுவான்?"

"கதைக்கு அழுகை தேவைப்படுது, டிலுசா."

பிறகு, "அம்மா கேட்டவாவோ?" என்றாள்.

மருந்துக்கடையில் வேலை செய்கிறவர்களுக்கு முகத்தை மாற்றாமல் இருக்கத் தெரியும். குரலுக்கு அந்தப் பயிற்சி இல்லை. பிடிபட்டுவிட்டேன். அவள் கோபிப்பாள் என்று பார்த்தால் இல்லை.

"அப்பிடியெண்டா எனக்கும் ஒண்டு எழுதுங்கோ. ஒரு அம்மா. மகள் தூரத்தில. ரண்டு நாள் அழுறா. பிறகு பழகியிடுறா. நான் அதை அவாக்கு அனுப்புறன்."

இப்படியாக, ஒரே கதைக்கு எனக்கு இரண்டு வாடிக்கையாளர்கள். ஒருவருக்கு மகள் அழவேண்டும். மற்றவருக்கு அம்மா அழுகையை நிறுத்தவேண்டும். குளிசை என்றால் பாதியாக உடைத்துக் கொடுக்கலாம்.

5

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தைப் பற்றிய சந்தேகத்தைச் சொல்லவேண்டும். இராயப்பு.

என் பிரதிகளில் அவர் சும்மா கடலைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். தகப்பன்மாரை எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் நாங்கள் அவர்களைக் கடலையோ வானத்தையோ பார்க்க வைத்துவிடுவோம். பத்துக் கதையில் அப்படி நிற்கவைத்திருக்கிறேன். இந்த முறை நேரில் போய்ப் பார்ப்போம் என்று கடற்கரைக்குப் போனேன். அவர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மீன் லொறிக்காரனோடு ஐஸ் கரைந்துவிட்டதென்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். சண்டை முடிந்து என்னிடம் வந்தார்.

"அவளைத் திருப்பிக் கூப்பிடக் கதை எழுதிறியாம்."

"அக்கா கேட்டவா, அண்ணை."

"அதில அவள் அழுறாளோ?"

"அழுறாள். ஆனா, தான் அழேல்லையெண்டு அவள் சொல்லுறாள்."

அவர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "அழுதவள்" என்றார். "முதல் மாசம் முழுக்க. நான் கரைக்கு வாற நேரம் பாத்து எனக்குத்தான் எடுப்பாள். தாய்க்கு எடுக்கமாட்டாள். வேலை செய்யிற கந்தோரில எல்லாரும் சிங்களத்தில கதைச்சுச் சிரிப்பினமாம். தன்னைப் பாத்துத்தான் சிரிக்கினமோ, வேறை என்னத்துக்கோ எண்டும் விளங்காதாம். அதைச் சொல்லிச் சொல்லி அழுவாள்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"என்னத்தைச் சொல்லுறது? வா எண்டு ஒரு சொல்லுச் சொன்னா அடுத்த பஸ்ஸில வந்திருப்பாள். எனக்கும் வாய் வரைக்கும் வந்தது. ஆனா அழுது முடிய, 'சரியப்பா, நேரமாகுது, வேலைக்குப் போறன்' எண்டு வைப்பாள். போகமாட்டன் எண்டு ஒருநாளாவது சொல்லுறாளோ எண்டு பாத்துக்கொண்டிருந்தன். சொல்லேல்லை. பிறகு எடுக்கிறதும் குறைஞ்சு போச்சு."

கடைசி வசனத்தை அவர் சந்தோஷமாகச் சொன்னாரா, துக்கமாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொய்யாகத் தெரிந்தது.

"உதைக் கதையில போட்டிடாதை. மலருக்குத் தெரிஞ்சா, ஏன் மறைச்சனியெண்டு என்னைக் கொன்றுபோடுவாள்."

(போட்டிருக்கிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன் என்று நினைத்து நீங்கள்தான் அவரைக் காப்பாற்ற வேண்டும்.)

6

எழுத்தாளர்கள் மெதுவாக எழுதுவார்கள். தாய்மாருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மாதக் கடைசி நெருங்க, புனிதமலர் அக்கா என் கதையை நம்புவதை விட்டுவிட்டு, கருவாடும் பொரித்த இறாலும் கட்டிக்கொண்டு தானே பஸ் ஏறிவிட்டார். மகளைக் கையோடு கூட்டிவருவது என்று திட்டம். இனி வருவது அவர் திரும்பிவந்து என் கடையில் நின்று சொன்னது. நான் சேர்த்தது மிகக் குறைவு.

டிலுசாவின் அறை சின்னதாம். கூட இருப்பவள் ராஜினி, பூவரசங்குளத்துப் பிள்ளை, புடவைக்கடையில் வேலை. இரண்டு பேருமாக அம்மாவுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுக் கீழே படுத்தார்களாம். சாப்பாட்டில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. கொண்டுபோன இறாலை அவர்கள்தான் தின்று முடித்தார்கள். கச்சேரிக் கதையை எடுக்கத் தருணம் பார்த்துப் பார்த்தே இரண்டு நாள் போய்விட்டது. சரி, கோயிலுக்குப் போய்வந்து கேட்போம் என்று மூன்றாம் நாள் மகளோடு பஸ்ஸில் போனார்.

திரும்பி வருகையில் இறங்கவேண்டிய இடத்தில் பஸ் முழுதாக நிற்கவில்லை. டிலுசா குதித்துவிட்டாள். புனிதமலர் அக்கா ஒரு காலை மிதிபலகையில் வைத்திருக்க, கொண்டக்டர் கத்த, பஸ் நகரத் தொடங்கிவிட்டது.

"அப்ப கத்தினாள் பார், பிரேமிளா."

"ஆர்?"

"என்ர மகள்! சிங்களத்தில! பஸ்ஸோட ஓடி ஓடி, கதவில அடிச்சு. ட்ரைவர் பிறேக் போட்டிட்டான். பஸ்ஸில இருந்த சனமெல்லாம் அவளோட சேந்து கொண்டக்டரை ஏசுது. அவன் இறங்கி வந்து என்ர கையைப் பிடிச்சு இறக்கிவிட்டான். அம்மே எண்டு கூப்பிட்டான், என்னை."

"என்ன சொல்லிக் கத்தினவள்?"

"நானும் கேட்டனான். 'என்ர அம்மா இறங்கிறா, உனக்குக் கண் தெரியேல்லையோ' எண்டு கேட்டவளாம்."

அவர் கடைக் கண்ணாடியில் கையூன்றிக்கொண்டார்.

"சண்டைக் காலத்தில ஆமிக்காரர் அந்தப் பாஷையில எங்களைத்தான் ஏசினவை, பிள்ளை. இறங்கு, ஏறு, பையைத் திற, அங்காலை நில். அந்தச் சத்தம் கேட்டாலே இப்பவும் எனக்குக் கை குளிரும். அண்டைக்கும் குளிர்ந்தது. திரும்பிப் பாத்தா, கத்துறது என்ர வயித்தில பிறந்தது. எனக்காக. எனக்குப் பயமும் வந்தது, சிரிப்பும் வந்தது. றோட்டிலயே குந்தியிட்டன்."

"பிறகு கச்சேரி வேலையைப் பற்றிக் கேட்டீங்களோ?"

"இல்லை."

"அதுக்குத்தானே போனனீங்கள்!"

"ஓம், அதுக்குத்தான் போனனான்" என்றார். "வாய் வரேல்லை."

7

இங்கே என்னிடம் இரண்டு முடிவுகள் எழுதித் தயாராக இருக்கின்றன.

(அ) டிலுசா வருகிறாள். கச்சேரியில் மின்விசிறிக்குக் கீழே கதிரை. சிங்களத்தில் வருகிற கடிதங்களை எல்லோரும் அவளிடம் கொண்டுவருகிறார்கள். சாயந்தரம் தாய் கதவில் நின்று

(ஆ) டிலுசா வரவில்லை. புனிதமலர் அக்கா ரண்டு நாள் அழுகிறார். மூன்றாம் நாள்

இரண்டையும் முடிக்கவில்லை. ஓடர் கொடுத்தவரிடமே எதை எடுப்பது என்று கேட்டேன். "வாறாள் எண்டும் எழுதாதை, வரமாட்டாள் எண்டும் எழுதாதை" என்றுவிட்டுப் போய்விட்டார். ஆகவே மற்ற வாடிக்கையாளருக்குப் போன் எடுத்தேன். கொழும்பிலிருந்து வந்த குரல் முதல் முறையாகக் களைத்திருந்தது.

"அம்மா ஏன் ஒண்டும் கேக்காமப் போனவா, அன்ரி?"

"நீ சந்தோஷப்படுவாய் எண்டு நினைச்சன்."

"அவா வாறா எண்டதும் எல்லா மறுமொழியும் பாடமாக்கி வைச்சிருந்தனான். கச்சேரியில என்ன கிடக்கு, இஞ்சை என்ன கிடக்கு எண்டு ஒவ்வொண்டா. ராஜினிக்கு முன்னால சொல்லியும் பாத்தனான். அவா கேட்டிருந்தா, மாட்டன் எண்டு சண்டை பிடிச்சு, பேசாம இருந்திருப்பன். சின்ன விஷயம். அவா கட்டிப்பிடிச்சுக் கொஞ்சிப்போட்டு பஸ் ஏறியிட்டா. இப்ப நானெல்லே யோசிக்கவேண்டிக் கிடக்கு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். சளித் தடிமனாகவும் இருக்கலாம். இவ்வளவு காலமும் நான் தேடித்திரிந்த அழுகை அதுதானா என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. எழுதாமலும் விடவில்லை.

"எப்ப பொறுப்பெடுக்கிற நாள்?"

"வெள்ளி. லீவு போட்டிருக்கிறன். வாறதுக்கோ, நித்திரை கொள்ளுறதுக்கோ தெரியேல்லை."

இதை நான் எழுதுவது புதன்கிழமை. நீங்கள் வாசிக்கும்போது வெள்ளிக்கிழமை எப்போதோ போயிருக்கும், நடந்தது நடந்திருக்கும். முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன், ஒரே ஒரு நிபந்தனையோடு. அவளை வா என்று கூப்பிடாதீர்கள். அங்கேயே இரு என்றும் சொல்லாதீர்கள். பெற்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு தடவை அந்தச் சொல்லை வாய் வரைக்கும் கொண்டுவந்து விழுங்கியிருக்கிறார்கள். வாசகருக்கு அது அவ்வளவு கஷ்டமாக இராது.

கடைசி வசனத்தைத் தொடங்கி மட்டும் தருகிறேன்:

வெள்ளிக்கிழமை விடிவதற்கு வெகு முன்பே டிலுசா தானாகவே கண்விழித்து, ராஜினியை எழுப்பாமல் கதவைத் திறந்து,