என் பை போன கடற்கரை

கோ சமூய்க்கு என் பை போனது. நான் போகவில்லை.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. எண்பத்தாறாம் ஆண்டு அது. நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்திருந்ததால் என் பாஸ்போர்ட் இமிகிரேசன் கந்தோரில் கிடந்தது. ஆனால் அந்தத் தாய்லாந்துத் தீவுக்குப் போகலாமென்று முதலில் சொன்னவன் நான். நூலகத்தில் குந்தியிருந்து, எந்தக் கரையில் மூங்கில் குடில் மலிவு, படகு எங்கே ஏறுவது என்றெல்லாம் கண்டுபிடித்தவனும் நான். முதுகில் மாட்டும் பெரிய பை ஒன்றை வாங்கி, ஆக்லாந்துக் குயின் வீதியில் மேலும் கீழும் நடந்து பழகியும் இருந்தேன். கடைசியில் அந்தப் பையை வின்சென்ற் கேட்டான். பெருந்தன்மையாகக் கொடுத்தேன். என் பெருந்தன்மை எப்போதும் என் மூளையைவிட ஓரடி முன்னால்தான் நடக்கும்.

மன்னார்க்காரன் வின்சென்ற், அவன் தங்கை ஸ்ரெல்லா, ஸ்ரெல்லாவோடு பல்கலைக்கழகத்தில் படிக்கும் உஷா, இவர்கள்தான் போனவர்கள். ஸ்ரெல்லா கூடப் போகிறாள் என்றதால்தான் உஷாவின் அண்ணன் விட்டார். எனக்கோ உஷாவிடம் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. அதற்கென்று அந்தக் கடற்கரையைத்தான் மனதில் குறித்து வைத்திருந்தேன். ஆக்லாந்தில் சொன்னால் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆக்லாந்தில் எந்நேரமும் காற்று. சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டி வந்துவிடும்.

அவர்கள் திரும்பி வந்த சனிக்கிழமை மத்தியானம், வின்சென்றின் பிளாட்டில் திரைச்சீலைகளை இழுத்து மூடி, சுவரில் படுக்கைவிரிப்பைக் கட்டிச் சிலைட் காட்டினார்கள்.

முதற்படத்தில் தென்னைமரத்தடியில் என் பை.

"பார் மச்சான், உன்ர பை எவ்வளவு சுகமா இருக்கு," என்றான் வின்சென்ற்.

அடுத்ததில் படகில் என் பை. அதற்கடுத்ததில் என் பையில் தலைசாய்த்து உஷா நித்திரை. ஒரு பையைப் பார்த்து வயிறெரிந்த மனிதன் இந்த நாட்டில் நானாகத்தான் இருப்பேன்.

பிறகு ஒரு தாய்லாந்து மனுசியின் அடுப்படியில் உஷா சம்பல் இடிக்கும் படம்.

"எங்கட மிளகாய்த்தூளை அந்த மனுசி நக்கிப் பாத்திட்டு, உறைப்புக் காணாதெண்டிட்டா!" என்று ஸ்ரெல்லா விழுந்து விழுந்து சிரித்தாள். "வின்சென்றுக்கு வந்த ரோசத்தைப் பாக்கவேணும்."

நானும் சிரித்தேன். அதுவரை சிரிக்க முடிந்தது. அடுத்த படத்தில் ஈரத்தலையோடு உஷா, கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாகத் தெரிந்த முகம். அப்படியொரு சிரிப்பு அவளிடம் இருப்பது எனக்குத் தெரியாது.

"இதை ஆர் எடுத்தது?" என்றேன்.

"நானில்லையப்பா. நான் வெயில் குடிச்சுப்போய்ப் படுத்திருந்தனான்," என்றாள் ஸ்ரெல்லா.

வின்சென்ற் பழுதில்லாத புரொஜெக்டரைத் திருத்தத் தொடங்கினான். உஷா எழுந்து குசினிக்குப் போனாள். கொஞ்சநேரத்தில் என்னையும் கூப்பிட்டாள்.

"மூர்த்தி, நீர் ஒரு உதவி செய்யவேணும்."

"இனி என்னட்ட குடுக்கப் பையும் இல்லையே."

"பகிடி விடாதையும். அண்ணையோட கதைக்கவேணும். எனக்கும் வின்சென்றுக்கும்..." அவள் கேத்திலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவர் வேதம், நாங்கள் சைவமெண்டு அண்ணை குதிப்பார். நீர் சொன்னாக் கேப்பார். உம்மில நல்ல மதிப்பு."

எங்கள் ஆட்களில் பெண்ணை விரும்பியவன் தானே போய்க் கேட்பதில்லை. இடையில் ஒருவர் போய்க் கதைக்க வேண்டும். அந்த ஒருவர் நானாம். எனக்காகப் போய்க் கதைக்க ஒருவரை நான்தான் பிடித்து வைக்கவில்லை.

"ஓம்," என்றேன்.

மறுநாள் பஸ் ஏறிப் பாபடோயிட்டோயில் இருந்த உஷாவின் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மரியாதைக்குக் கழுத்தில் ரை கட்டியிருந்தேன். வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுபோனேன். ஆனந்தராசா அண்ணை கதவைத் திறந்து ரையைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"அண்ணை, உஷாவின்ர கலியாண விஷயமாக் கதைக்க வந்தனான்."

அதற்குமேல் என்னை அவர் விடவில்லை.

"தம்பி, இதை நான் எதிர்பாத்துக்கொண்டுதான் இருந்தனான். மற்றவை கடற்கரை கடற்கரையாத் திரியேக்க நீர் இஞ்ச பொறுப்பா வேலைக்குப் போய் வந்தனீர். எங்களுக்கு முழுச் சம்மதம். இராசமலர், தேத்தண்ணி போடும்!"

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாயும் திறந்ததுதான். அதற்குள் இராசமலர் அக்கா லட்டுத் தட்டோடு வந்துவிட்டார்.

"தம்பி, இப்பவே சொல்லிப்போட்டன். அவளுக்கு விடிய எழும்ப ஏலாது. நீர்தான் தேத்தண்ணி போட்டுக் குடுக்கவேணும்."

"போடுவன் அக்கா," என்றேன்.

பொய்யில்லை. போட்டிருப்பேன்.

தேத்தண்ணியை மெதுவாகக் குடித்தேன். கோப்பையில் இருக்கும்வரை நான்தான் மாப்பிள்ளை. பேசாமல் வீட்டுக்குப் போனால் என்ன? அண்ணை உஷாவோடு கதைப்பார். அவள் அழுவாள், சண்டை பிடிப்பாள், ஒருவேளை களைத்தும் போவாள். வின்சென்ற் என்ன செய்வான்? என்னதான் செய்யட்டுமே. பிறகு அந்தப் படத்தை நினைத்தேன். ஈரத்தலையும் சிரிப்பும். கமராவுக்குப் பின்னால் என்னை நிறுத்திப் பார்த்தேன். நான் நின்றதும் அவள் சிரிப்பு, பஸ் தரிப்பில் என்னைக் கண்டால் சிரிக்கிற அந்த நல்ல சிரிப்பாக மாறிவிட்டது.

கோப்பையை வைத்தேன்.

"அண்ணை, மாப்பிள்ளை நானில்லை. வின்சென்ற்."

அண்ணை மறுபடியும் என் ரையைப் பார்த்தார்.

"அப்ப நீர் ஏன் ரை கட்டிக்கொண்டு வந்தனீர்?"

அவர் குதித்தார். வேதம் என்றார், மன்னார் என்றார், ஊரில் முகம் கொடுக்க ஏலாது என்றார். கடைசியில் என்னை முறைத்துக்கொண்டு, "அவன் குடிப்பானோ?" என்று கேட்டார்.

நல்ல சந்தர்ப்பம். ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்தது.

"கிறிஸ்மசுக்கு ஒரு பியர் அண்ணை. அதையும் என்னோடதான் பாதி பாதியாக் குடிக்கிறவன். நல்ல பெடியன். அவளை நல்லாப் பாப்பான்."

அண்ணை வாழைப்பழச் சீப்பை ஒரு பக்கம் தள்ளி வைத்தார். "வாற ஞாயிறு அவனை வரச்சொல்லும்," என்றார். "சம்மதமெண்டு நினைக்கவேண்டாமெண்டும் சொல்லும்."

இராசமலர் அக்கா லட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிப்பக்கம் நடந்தார். பாதி வழியில் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டைக் கொண்டுவந்து என் முன்னாலேயே வைத்தார்.

"நீர் சாப்பிடும் தம்பி."

இரண்டு சாப்பிட்டேன்.